இணைய விளையாட்டில் அளாப்புவதை ஏன் நிறுத்த முடியவில்லை? கல்லடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எட்டுக் கணினிகளோடு ஒரு சிறிய விளையாட்டு நிலையம் நடத்துகிறேன். பின்னேரம் ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள்தான் வாடிக்கையாளர்கள். பள்ளி விடுமுறையில் சிறு போட்டிகளும் வைப்பதுண்டு. காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, சில வேளை கல்முனையிலிருந்தும் அணிகள் வரும். தோற்ற அணி எழுந்து வந்து சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணன், அவன் அளாப்புகிறான்." ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: அளாப்புவது என்றால் நீங்கள் அழுகுணி ஆட்டம் என்பீர்களே, அதுதான்.

கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனங்களால் இதைக்கூட நிறுத்த முடியாதா?

304 என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாலு பேர், 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. கேள்வியில், அதாவது ஏலத்தில், வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அந்த ஒரு சீட்டு எதுவென்று மற்றவர்களுக்குத் தெரியாததில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. இப்போது அந்த நாலு பேரும் நாலு ஊரில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சீட்டுப் போடுபவர் ஒவ்வொரு வீட்டுக்கும் 32 சீட்டையும் ஓர் உறையில் போட்டு அனுப்பி, "உன்னுடைய எட்டை மட்டும் பார், மற்றதைத் தொடாதே" என்று மேலே எழுதி விடுகிறார். யார் பார்க்காமல் இருப்பார்கள்? பார்த்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

சுடும் விளையாட்டுகள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன. எதிராளி சுவருக்குப் பின்னால் நிற்கிறான். அவன் வெளியே வரும் அதே கணத்தில் உங்கள் திரையில் தோன்ற வேண்டுமென்றால், அவன் நிற்கும் இடம் உங்கள் கணினிக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்க வேண்டும். கணினிக்குத் தெரியும், நடுவில் ஒரு சுவர் வரையப்பட்டிருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கள்ள மென்பொருள் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட அந்த உறையைப் பிரித்துப் பார்க்கிறது. கணினி உங்களுடையது. மின்கட்டணம் கட்டுவது நீங்கள். அதனுள் எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையது. விளையாட்டு நிறுவனம் உங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரைக் கண்காணிக்க முயல்வதுதான் இந்த முழுக் கதையும்.

அப்படியானால் ஒவ்வொருவருக்கும் அவரவர் சீட்டை மட்டும் அனுப்பலாமே?

நல்ல கேள்வி. நிறுவனங்களும் இதைத்தான் முதலில் கேட்டுக்கொண்டன. 304 போன்ற சீட்டாட்டத்தில் இது முழுமையாகச் சாத்தியம்; ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் நடுக் கணினியான சேர்வர் உங்களுக்கு எட்டுச் சீட்டை மட்டும் அனுப்பினால் போதும், மற்றதைத் திருட உங்கள் வீட்டில் எதுவும் இருக்காது. சுடும் விளையாட்டில் சிக்கல் நேரத்தில் வருகிறது.

சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வையுங்கள். கல்லடியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்த் திரும்ப 5,000 கிலோமீற்றர் என்றால், வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 25 மில்லிசெக்கன் ஆகிறது. ஆனால் நம் தரவு நேராகக் கிழக்கே கடலில் இறங்குவதில்லை. முதலில் மேற்கே கொழும்புப் பக்கம் போய், அங்கிருந்துதான் கடலடிக் கேபிளில் ஏறுகிறது. வழியில் எத்தனையோ இயந்திரங்கள். என் நிலையத்தில் பின்னேரம் 70, 80 மில்லிசெக்கன் காட்டினால் நல்ல நாள். மழை பெய்தால் 150.

எதிராளி மூலையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் சேர்வர் தகவலை அனுப்பும் என்றால், நம் திரையில் அவன் வெறுங்காற்றில் திடீரென்று முளைப்பான். முளைக்கும்போதே சுட்டிருப்பான். ஆகவே அவன் மூலைக்கு வருவதற்குச் சற்று முன்பே அனுப்பித்தான் ஆக வேண்டும். வலோரண்ட் என்ற சுடும் விளையாட்டு இந்த முறையைக் கையாள்கிறது. தொலைவில் மறைந்திருப்பவனின் இடத்தை அது அனுப்புவதே இல்லை. அதனால் வரைபடம் முழுவதும் ஊடுருவிப் பார்க்கும் கள்ளத்தனம் அதில் வெகுவாகக் குறைகிறது. ஆனால் மூலைக்குப் பக்கத்தில் அந்தச் சிறு இடைவெளி இருக்கவே செய்யும், அங்கே அளாப்புபவனுக்கு அரைச் செக்கன் முன்கூட்டித் தெரிந்தாலே போதும். காலடிச் சத்தம் வேறு இருக்கிறது. சுவருக்கு அப்பால் நடப்பவனின் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் அவன் எங்கே நடக்கிறான் என்பதையும் அனுப்பித்தானே ஆக வேண்டும்?

சுவரை ஊடுருவிப் பார்ப்பது புரிகிறது. குறி தப்பாமல் சுடுவது எப்படி?

அது வேறு வகைக் களவு. முதலாவது சீட்டை எட்டிப் பார்ப்பது என்றால், இது கரம் பலகையில் உங்களுக்காக வேறொருவன் சுண்டுவது. சேர்வருக்குத் தெரிவதெல்லாம் "இந்தத் திசையில் திரும்பினான், இந்தக் கணத்தில் சுட்டான்" என்பது மட்டுமே. மவுஸை நகர்த்தியது கையா, மென்பொருளா என்று அதற்குத் தெரியாது. தொடக்கத்தில் வந்தவை முட்டாள்தனமானவை. ஒரே தாவலில் எதிராளியின் நெற்றிக்குப் போய் நிற்கும். இப்போது விற்பவை வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கும், கொஞ்சம் தாமதிக்கும், இடையிடையே தவறவிடும்.

இந்த வகைக்கு உறையை மூடி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதற்குச் சதுரங்கமே சாட்சி. சதுரங்கத்தில் ஒளித்து வைக்க எதுவுமே கிடையாது. 64 கட்டமும் இருவர் கண்முன்னே. விதிகளை மீறிக் காய் நகர்த்தவும் சேர்வர் விடாது. ஆனாலும் இணையச் சதுரங்கத்தைக் களவு அரித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் இன்னொரு திரையில் சதுரங்க மென்பொருளைத் திறந்து வைத்து அது சொல்லும் காயை நகர்த்தினால் போதும். 2022 இல் செஸ்.கொம் தளம் ஒரு கிராண்ட்மாஸ்டரைப் பற்றி 72 பக்க அறிக்கை வெளியிட்டு, அவர் நூற்றுக்கு மேற்பட்ட இணைய ஆட்டங்களில் உதவி பெற்றிருக்கக்கூடும் என்றது. "பெற்றார்" என்று அறுதியிட்டுச் சொல்ல அவ்வளவு பெரிய தளத்தாலும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன். அது அளாப்புத்தானே?

பெரும்பாலும் இல்லை. உங்களைச் சுட்டவனின் திரையில் நீங்கள் இன்னும் வெளியில்தான் நின்றீர்கள். அவன் சுட்ட கணத்தில் அவன் எதைப் பார்த்தான் என்று சேர்வர் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி உருட்டிப் பார்க்கிறது. குண்டு பட்டிருந்தால் பட்டதுதான். அப்படிச் செய்யாவிட்டால் இணைப்பு மெதுவான நம்மைப் போன்றவர்கள் எதையும் சுடவே முடியாது. நமக்காகச் செய்த ஏற்பாடுதான் சில வேளை நம்மையே கடிக்கிறது.

மனிதனின் சந்தேகம் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் புகார் செய்யப்பட்ட ஆட்டங்களை அனுபவமுள்ள வீரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை ஒன்று இருந்தது. வீரர்கள் கொடுத்த புகார்களில் 15 முதல் 30 சதவீதம் மட்டுமே குற்றம் என்று முடிந்ததாக வால்வ் நிறுவனப் பொறியியலாளர் 2018 இல் சொன்னார். மிச்சமெல்லாம் தோல்வியின் எரிச்சல். என் நிலையத்தில் அந்தச் சதவீதம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

காவல் மென்பொருள் என்னதான் செய்கிறது?

வைரஸ் தடுப்பு செய்வதைத்தான். தெரிந்த கள்ள மென்பொருளின் அடையாளத்தை நினைவகத்தில் தேடும்; விளையாட்டின் நிரல் மாற்றப்பட்டிருக்கிறதா, வேறு ஏதாவது அதன் நினைவகத்தைத் தொடுகிறதா என்று பார்க்கும். வால்வ் நிறுவனத்தின் வாக் என்ற காவல் மென்பொருள் 2002 இல் வந்தது. பிடித்தவுடன் தடை விதிக்காமல், நாட்களோ வாரங்களோ கழித்து மொத்தமாக வெட்டுவது அதன் வழக்கம். உடனே தடை விதித்தால் எது தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று எழுதியவன் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துத் திருத்திவிடுவான். அதனால்தான் கண்ணெதிரே அளாப்பும் ஒருவன் இரண்டு வாரம் சுதந்திரமாகத் திரிகிறான். "புகார் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை" என்று வருபவர்களுக்கு என் பதில் இதுதான், பொறுங்கள்.

பின்னர் போட்டி ஆழத்துக்குப் போனது. கள்ள மென்பொருள் விண்டோஸின் அடித்தளமான கேர்னலில் போய் ஒளிந்துகொண்டது; மேலே நிற்கும் காவலால் கீழே இருப்பவனைப் பார்க்க முடியாது. ஆகவே காவலும் கீழே இறங்கியது. வலோரண்டோடு 2020 இல் வந்த வான்கார்ட் என்ற காவல், விளையாட்டைத் திறக்கும்போது அல்லாமல் கணினி எழும்போதே எழுந்துவிடும். இதற்கும் பதில் வந்துவிட்டது. கணினியின் பிசிஐ பொருத்துமிடத்தில் ஓர் அட்டையைச் செருகி, அதன் வழியாக நினைவகத்தை இன்னொரு கணினி வாசிக்கும். விளையாட்டு ஓடும் கணினியில் தேட எந்த மென்பொருளும் இல்லை. அந்த அட்டை தன்னை வலைப்பின்னல் அட்டை என்றோ வேறு எதுவென்றோ சொல்லிக்கொள்ளும். விலை அதிகம் என்பதால் நம் ஊரில் நான் இன்னும் ஒன்றையும் கண்ணால் காணவில்லை.

கேர்னல் வரை காவலை அனுமதிப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான். 2022 ஓகஸ்டில், ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் காவல் நிரலைக் கப்பம் கேட்கும் திருடர்கள் பயன்படுத்தி, கணினிகளின் வைரஸ் தடுப்பை அணைத்தது அம்பலமானது. பாதிக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டு இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. முறையாகக் கையொப்பமிட்ட நிரல் என்பதால் திருடர்களே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், விண்டோஸ் வணக்கம் சொல்லி உள்ளே விட்டது. அந்த ஆழத்தில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான புதுப்பிப்பால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. அது விளையாட்டுக் காவல் அன்று, ஆனால் குடியிருப்பது அதே மாடியில்.

என் நிலையத்தில் இந்த வகைக் காவலை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் ஏற்ற மாட்டேன்.

பிடித்தவர்களுக்கு நிரந்தரத் தடை விதித்தால் போதாதா?

இலவச விளையாட்டில் தடைக்கு என்ன மதிப்பு? ஐந்து நிமிடத்தில் புதுக் கணக்கு. இதனால்தான் சில நிறுவனங்கள் கணக்கை விட்டுவிட்டு இயந்திரத்தையே தடை செய்கின்றன: மதர்போர்ட், வன்தட்டு ஆகியவற்றின் தொடர் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணினியிலிருந்து யார் வந்தாலும் கதவை மூடுகின்றன. அந்த இலக்கங்களைப் பொய்யாகக் காட்டும் மென்பொருளும் அதே கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது.

இதில் அடிபட்டவன் நான். போன வருடம் ஒருநாள், உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்து ஐந்தாம் இலக்கக் கணினியில் உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம் ஆடினான், 150 ரூபா கொடுத்தான், போய்விட்டான். மூன்றாம் வாரம் அந்தக் கணினியில் ஒரு குறிப்பிட்ட விளையாட்டைத் திறந்தால் சிவப்பில் ஓர் எழுத்து வரி மட்டும் வந்தது. வேறு கணக்கில் திறந்தாலும் அதே வரி. இதை அறியாமல் அதில் உட்கார்ந்த இன்னொரு பிள்ளையின் இரண்டு வருடக் கணக்கும் சேர்ந்து பூட்டப்பட்டது. அந்த நிறுவனத்துக்கு நான் எழுதிய நாலு கடிதத்துக்கும் ஒரே வாசகம் பதிலாக வந்தது. எழுதியது மனிதன் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் மதர்போர்டையும் வன்தட்டையும் மாற்றினேன். அந்தத் தம்பி இன்னமும் எங்கேயோ புதுக் கணக்கில் ஆடிக்கொண்டிருப்பான்.

இணைய முகவரியைத் தடை செய்வது இதைவிட மோசம். கைப்பேசி இணைப்பில் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவனுக்கு வைத்த பூட்டு அத்தனை பேர் வாசலிலும் விழும்.

செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமே?

விட்டுத்தான் இருக்கிறார்கள். வால்வின் வாக்நெட் வீரர்கள் குறிபார்க்கும் விதத்தைக் கற்றுச் சந்தேகத்துக்குரியவர்களைப் பொறுக்கியெடுக்கும். அது அனுப்பிய வழக்குகளில் 80 முதல் 95 சதவீதம் குற்றம் என்று உறுதியானதாகவும் அதே 2018 உரையில் சொல்லப்பட்டது. ஆனாலும் அப்போது தீர்ப்பை மனிதர்களிடமே விட்டிருந்தார்கள். காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஒரு விளையாட்டில் 10 இலட்சம் பேர், அவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளாப்பி என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு கருவியை ஓட விடுகிறீர்கள். 10,000 அளாப்பிகளில் 9,900 பேரைப் பிடிக்கும். நல்லது. மிச்சம் 9,90,000 நேர்மையானவர்களிலும் நூற்றுக்கு ஒருவரை, அதாவது இன்னொரு 9,900 பேரை, அது தவறாகப் பிடிக்கும். தடை வாங்கியவர்களில் பாதிப்பேர் நிரபராதி! அந்தப் பாதியில் ஒருவன் என் ஐந்தாம் இலக்கக் கணினியில் உட்கார்ந்த பிள்ளையைப் போல என் முன்னால் நின்று அழுதால் நான் என்ன சொல்வது?

கைப்பேசி விளையாட்டுகளில் நிலைமை எப்படி?

இன்னும் மோசம். பிரீ ஃபயர், பப்ஜி மொபைல் போன்றவற்றின் மாற்றியமைத்த பதிப்புகள் டெலிகிராம் குழுக்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவான கைப்பேசியிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கணக்கிடும் வேலையில் ஒரு பங்கைக் கைப்பேசியிடமே விடும் விளையாட்டுகள் உண்டு. அப்படி விட்டதையெல்லாம் மாற்றலாம். அதிகம் சொல்ல வேண்டியது வேறொன்று. கடைக்கு வெளியிலிருந்து இறக்கும் அந்தக் கோப்புக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதிகளைப் பாருங்கள்: குறுஞ்செய்தி வாசிக்க, திரையின் மேல் வரைய, மற்றச் செயலிகளைக் கவனிக்க. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கமும் குறுஞ்செய்தியில்தான் வருகிறது.

காத்தான்குடியிலிருந்து ஒரு தாய் மகனின் கைப்பேசியைக் கொண்டுவந்து, "தம்பி, இது சும்மா இருக்கும்போதே கொதிக்கிறது" என்றார். உள்ளே அப்படி ஒரு பதிப்பு. அதை நீக்கினால் போதும் என்று சொல்லி அனுப்பவில்லை. முழுதாக அழித்து, கடவுச்சொற்களை வேறு கைப்பேசியிலிருந்து மாற்றச் சொன்னேன்.

இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? சட்டம் இல்லையா?

வியாபாரிகள் செய்கிறார்கள். நாள் சந்தா, மாதச் சந்தா, வாடிக்கையாளர் சேவைகூட உண்டு. 2021 இல் சீனாவின் குன்ஷான் நகரப் பொலிஸார் டென்சென்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு குழுவைப் பிடித்தபோது 10 பேர் கைதானார்கள். முடக்கிய சொத்து, சொகுசுக் கார்கள் உட்பட, சுமார் 4 கோடி 60 இலட்சம் அமெரிக்க டொலர். தென்கொரியா கள்ள மென்பொருளைத் தயாரித்துப் பரப்புவதையே குற்றமாக்கி, சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2017 இல் கள்ள மென்பொருள் விற்ற பொஸ்லாண்ட் என்ற ஜேர்மன் நிறுவனம், பிளிஸார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்துக்குச் சுமார் 86 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவதைப் பற்றியது. தன் வீட்டில் தன் கணினியில் அளாப்பும் பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டதன்று.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் பிரச்சினை தீருமா?

வெகுவாகக் குறையும். முற்றாகத் தீராது. 2018 ஒக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஒரு கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில், மேடையிலேயே ஓர் இந்திய வீரரின் கணினியில் கள்ள மென்பொருள் அகப்பட்டது. கோப்பின் பெயர் வேர்ட்.எக்ஸ்ஈ. கடிதம் எழுதும் மென்பொருள் என்று நடுவர்கள் நம்பிவிடுவார்கள் என்ற நினைப்பு! அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை. இதற்கு நேர்மாறான கூத்து 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற விளையாட்டின் வட அமெரிக்க இறுதிச் சுற்றில், இணையவழி ஆட்டத்தின்போது நடந்தது. யாரோ ஒருவன் வெளியிலிருந்து நுழைந்து, ஆடிக்கொண்டிருந்த வீரர்களின் திரையில் அவர்கள் கேட்காமலே கள்ள வசதிகளைத் திறந்துவிட்டான். போட்டியை ஒத்திவைத்தார்கள்.

என் போட்டிகளில் கணினி, மவுஸ், விசைப்பலகை எல்லாம் என்னுடையவை. யூஎஸ்பி துளைகள் பூட்டியிருக்கும். சொந்த மவுஸ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் முதல்நாளே கொண்டுவந்து தர வேண்டும். நான் செருகிப் பார்ப்பேன். கைப்பேசிகள் என் மேசை மேலுள்ள தயிர்ச் சட்டியில். கழுவிய சட்டிதான், பயப்பட வேண்டாம்.

எதிராளி அளாப்புகிறான் என்று உறுதியாகத் தோன்றினால் நான் என்ன செய்ய வேண்டும்?

ஆட்டத்தை முடியுங்கள், விளையாட்டுக்குள்ளேயே ஒருமுறை புகாரை அனுப்புங்கள், பதிவைச் சேமியுங்கள். பிறகு அவன் கொன்ற இடங்களை விட்டுவிட்டு, ஒருவரும் இல்லாத இடங்களில் அவன் எப்படி நடக்கிறான் என்று பாருங்கள். எதிரி எங்கே என்று தெரியாதவன் வெறும் மூலையையும் எட்டிப் பார்ப்பான், இல்லாத எதிரிக்காகவும் குண்டு வீசுவான், வீணாகத் திரும்புவான். தெரிந்தவன் அந்த வீண் வேலைகளைச் செய்ய மாட்டான். வெறும் அறையை வெறும் அறை என்று தெரிந்தே கடந்து போவான். பதிவைப் பென் டிரைவில் கொண்டு வராதீர்கள். இணைப்பை அனுப்புங்கள், என் கணினியில் சேர்ந்து பார்ப்போம்.